நைனா, நீ எழுதியது எந்தக் கேஸ்?

எந்தக் கதையை ஆரம்பித்தாலும் "விஷயத்துக்கு வா" என்று நான் வெட்டிவிட, வெட்டுப்பட்ட இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கும் என் நைனாவுக்கு,

இந்தத் தடவை நானே நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு உன் பேத்தி மதிக்கு எக்கோ எடுக்கிறார்கள். பத்து வயசுப் பெண்ணின் இதயச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு மெஷின் சொல்லப்போகிறது. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். பொய் சொல்லும் மெஷின்களைப் பிடிப்பதுதான் என் வேலை. ஒரு மெஷின் உண்மையைச் சொல்லிவிடுமோ என்று இப்போதுதான் முதல் முறையாகப் பயப்படுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. உன்னோடு ஃபுட்பால் ஆடிய கிழவர்கள் எல்லாரும் சேர்ந்து இந்த வருஷப் போட்டிக்கு ஒரு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். "நைனாவோட ஆட்டத்தப் பத்தி எழுதுப்பா" என்றார்கள். நான் உன் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. உன் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத முடியும். அவர்களும் படிக்கட்டும். அவர்கள் வீடுகளிலும் அந்தச் சொல் இருக்கும்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. மைதானத்துக்கு வேலி வந்துவிட்டது. வேலி முழுக்கச் சிரிக்கும் தலைவர்கள், உள்ளே பச்சை பிளாஸ்டிக் புல். போனில் பதிவு செய்தால்தான் உள்ளே விடுகிறார்கள். மர்பி டவுன் பிள்ளைகள் வேலிக்கு வெளியே, நிறுத்தி வைத்த இரண்டு ஆட்டோக்களைக் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடுகிறார்கள். நீ இதை எப்போதோ டைரியில் எழுதி வைத்திருக்கிறாய்: "ஓட்டுக் கேட்டு வந்தார்கள். மைதானத்துக்கு வேலி போடுவார்களாம். வேலி வந்தால் கதவு வரும். கதவு வந்தால் பூட்டு வரும். பூட்டு வந்தால் சாவி நம்மிடம் இருக்காது."

ஃபேக்டரியில் வருஷா வருஷம் கொடுத்த டைரிகளில் மீட்டிங் நேரம் எழுதாமல் இப்படித்தான் எழுதினாய். பாதி பந்து, பாதி அரசியல், நடுவில் எங்காவது செத்துப்போன ஒருவர். "பந்துக்கு எந்த மொழியும் தெரியாது. அதனால்தான் எல்லாரும் தைரியமாக அதை உதைக்கிறோம்." இது ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில், "செல்வம் போன பிறகு இடது பக்கம் பார்த்துப் பந்து போடுவதை நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் எனக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள்."

செல்வம் சித்தப்பாவைப் பற்றி நம் வீட்டில் பேச்சே கிடையாது. சுவரில் படம் மட்டும் உண்டு. இடது காலுக்கடியில் பந்தை நிறுத்தி, கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கும் ஆள். இருபத்தாறு வயசில் செத்துப்போனார் என்பது தெரியும். எப்படி என்று கேட்டால் நீ டி.வி. சத்தத்தைக் கூட்டுவாய். ஆகவே பதினைந்து வயசில் உன் டைரியைத் திருட்டுத்தனமாக எடுத்துப் படித்தேன்.

காவிரிக் கலவர வருஷம். இந்தக் கன்னட ஊரில் தமிழ் பேசினாலே அடி விழுந்த நாட்கள். நீ எழுதியிருந்தாய்: "தெருவில் பையன்களை வண்டியில் ஏற்றினார்கள். செல்வத்தையும் ஏற்றினார்கள். தமிழில் கத்தினானாம். அவன் பந்து கேட்டுக் கத்தியது 'பாஸ், பாஸ்' என்று. அது இங்கிலீஷ் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. இப்போது அவன் மேல் கேஸ்."

சில மாதம் கழித்து: "செல்வம் போய்விட்டான். கேஸ் என்றார்கள். நானும் கேஸ்தான் என்று நம்பினேன். என் தம்பியைக் கொன்றது அந்தக் கேஸ்."

அதற்கும் அப்புறம்: "இறப்புச் சான்றிதழைக் கோர்ட்டில் கொடுத்தேன். கேஸ் முடிந்தது."

மூன்று இடத்திலும் ஒரே சொல், ஒரே மை. நான் வேறு என்ன நினைப்பேன்? போலீஸ் அடித்தது, உள்காயம், சில மாதத்தில் செத்துவிட்டார். பதினைந்து வயசில் நான் கண்டுபிடித்த முதல் மூலகாரணம் அது. யாரிடமும் சரிபார்க்கவில்லை. சரிபார்ப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்ட பிறகும் இதை மட்டும் சரிபார்க்கவில்லை.

அந்த ஒரு சொல் என்னை என்ன செய்தது தெரியுமா? போலீஸ்காரர் பக்கத்தில் நின்றால் நான் போனை எடுக்க மாட்டேன். சில வருஷங்களுக்கு முன் மறுபடி பஸ்கள் எரிந்த அன்று, ஆபீஸ் வண்டியில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். "ராங் நம்பர்ரி" என்று கன்னடத்தில் சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா, நான் சரியாத்தானே அடிச்சேன்?" நீ டி.வி. சத்தத்தைக் கூட்டினாய்.

இனி ஒன்பது மாதத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மதியம் நீ மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் இருந்தேன். இடைவேளையில் நெஞ்சைத் தேய்த்தபடி, "கேஸ் மாதிரி இருக்குடா பாஸ்கரா" என்றாய். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஜீரா சோடா எடுத்துக் கொடுத்தேன். "குடி நைனா. மேட்ச் முடியட்டும், அப்புறமும் இருந்தா டாக்டர்கிட்ட போலாம்." நீ பாதி குடித்தாய். மேட்ச் முடியும்போது நீ இல்லை.

ஹார்ட் அட்டாக் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வயசு, சர்க்கரை வேறு. யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் மதி பன்னிரண்டு வயசுக்குட்பட்டோர் அணியில் தேறினாள். சித்தப்பா நின்ற அதே இடது பக்கம். நீ வாங்கிக் கொடுத்த பூட்ஸ் அவளுக்குச் சின்னதாகிவிட்டது. இருந்தும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள், கால் கொப்புளத்தோடு திரும்பி வந்தாள். அணியில் சேர ஒரு மருத்துவப் படிவம். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேகமாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாய்க்குள்ளயே படிக்காத, எனக்கும் சொல்லு. பேத்திக்கு என்ன கேக்கறான்?"

"குடும்பத்துல யாராவது ஐம்பது வயசுக்கு முன்னாடி திடீர்னு செத்திருக்காங்களான்னு கேக்கறான். இல்லன்னு போட்டுட்டேன்."

"ஏன்டா இல்லன்னு போடற? உங்க சித்தப்பன் செவுத்துல தொங்கறான், கண்ணு தெரியலையா?"

"அது வேறம்மா. அது போலீஸ் கேஸ். இவங்க நோயைக் கேக்கறாங்க."

அம்மா பூண்டை வைத்துவிட்டாள். "என்னது?"

"போலீஸ் அடிச்சுத்தானே செத்தாரு. கேஸ்தான் கொன்னுச்சுன்னு நைனா எழுதியிருக்கே."

"அய்யோ, படிச்ச முட்டாளே! போலீஸ் அவன் மேல கையே வைக்கல. ரெண்டு நாள் உக்கார வெச்சாங்க, உப்புமா குடுத்தாங்க, அனுப்பிட்டாங்க. அவன் செத்தது கிரவுண்டுல. நெஞ்சுல கேஸுன்னான். அடுப்புல எரியுமே, அந்த கேஸு! வாயு! உங்கப்பா சோடா வாங்கிக் குடுத்தாரு."

வாயால் சொல்லும்போது இரண்டும் வேறு வேறு சத்தம், நைனா. அடுப்பில் எரிவது ஒன்று, கோர்ட்டில் இழுப்பது இன்னொன்று. ஆனால் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கன்னடத்தில் எழுதியிருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. இங்கிலீஷிலும் அப்படியே. நீ தமிழில் எழுதினாய். நான் தமிழில் படித்தேன். உலகத்தில் வேறு எந்த வீட்டில் இந்தத் தப்பு நடக்கும்?

அம்மாவின் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. பிரேசர் டவுனில் ஷஃபி பாயைப் போய்ப் பார்த்தேன். உன் கோல்கீப்பர். இப்போது மூட்டு வலியால் டயர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நின்றபடியே கேள்வியைக் கேட்டேன்.

"அரே, உக்காருப்பா மொதல்ல. உங்கப்பன் சலாம் சொல்லி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். நீ சலாமே சொல்லாம கேள்வி கேக்கற. அவனுக்கு எப்படிப்பா நீ பொறந்தே?"

உட்கார்ந்தேன். டீ வந்தது. டீயை மெதுவாக ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"இடைவேளைல செல்வம் நெஞ்சத் தேய்ச்சான். கேஸ்னான். உங்கப்பன்தான் கேப்டன். ஓடிப்போய் கோலி சோடா வாங்கியாந்தான். குடிச்சு இவ்ளோ பெரிய ஏப்பம் விட்டான் பாரு, எதிர் டீம்காரனே சிரிச்சான். ஒண்ணுக்கு ஒண்ணு இருந்துச்சு ஸ்கோரு. 'இன்னும் இருபது நிமிசம்தான்டா, ஆடிடு'ன்னான் உங்கப்பன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். உங்கப்பன் இடது பக்கம் பந்து போட்டான். அங்க ஆள் நிக்கல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அவனக் கேக்காதேன்னு நாங்க எல்லாரும் பேசி வெச்சோம்பா. இத்தன வருசம் யாரும் கேக்கல. அது தப்போ என்னவோ" என்றார்.

தப்புதான் பாய் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்காதவன்தானே.

அடுத்த வாரம் எனக்கு எக்கோ எடுத்தார்கள். டாக்டரம்மா கன்னடக்காரர். திரையைப் பார்த்தபடி, "ஹெதரபேடி" என்றார். பயப்படாதீர்கள் என்று அர்த்தம். பயப்பட ஏதோ இருந்தால்தான் அந்த வார்த்தை வரும். என் இதயத்தின் நடுச்சுவர் தடித்திருக்கிறதாம். பிறவியிலேயே வரும், பரம்பரையாக இறங்கும், பல பேருக்குக் கடைசி வரை தெரியாது, சில பேருக்கு ஓடும்போது தெரியும். எனக்கு மாத்திரை உண்டு. ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. சித்தப்பாவுக்கு இதுவாகத்தான் இருக்கும் என்றார். உனக்கும் இருந்திருக்கலாம், ஆனால் இனிமேல் அளக்க முடியாது என்றார்.

"பிள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். டாஸ் போடற மாதிரி."

நைனா, உனக்கு இது தெரியுமா? நான் டேட்டாவை வைத்து யோசிக்கிறேன், ஒத்துவரவில்லை. என்னை நீ ஒரு நாளும் பந்து தொட விடவில்லை. "படிடா, பந்து சோறு போடாது" என்றாய். அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மதிக்கு முதல் பூட்ஸை வாங்கி வந்து, மண்டி போட்டு லேஸ் கட்டிவிட்டவன் நீ. அப்படியென்றால் உனக்குத் தெரியாது. எந்த ரீடிங்கை நம்புவது?

இதைவிட மோசமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை "கேஸ் மாதிரி இருக்குடா" என்றாயே. வாழ்நாள் முழுக்க நீ வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. தம்பியைக் கொன்ற சொல் என்று நீயே எழுதிய சொல். அதை என்னிடம் சொன்னபோது நிஜமாகவே வாயு என்று நினைத்தாயா? இல்லை, நான் லேப்டாப்பை மூடிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பேனா என்று பார்த்தாயா?

அன்றிலிருந்து நான் மதியைப் பார்ப்பதில்லை, அளக்கிறேன். மூன்று மாடி ஏறி வந்தால் மூச்சை எண்ணுகிறேன். வீட்டுப் பாடம் எழுதும்போது விரலில் கிளிப்பை மாட்டித் துடிப்பைக் குறிக்கிறேன். கீழே ரோட்டில் பந்து உதைக்கும் சத்தம் நின்றால் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். எட்டிப் பார்த்தால் ஒரு ஆட்டோ போக வழி விட்டு நிற்பார்கள். நேற்று அவள் கிளிப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அப்பா, நான் என்ன உன் ஆபீஸ் மெஷினா?" என்றாள். என் மனைவி ரேவதி சமையலறையில் திரும்பி நின்றுகொண்டாள். அவள் அழுவதை நான் பார்க்கக்கூடாதாம்.

கோச் நல்ல பையன், அவசரக்காரன், என்னைப் போலவே. விஷயத்தைச் சொன்னதும் போனில் தாழ்ந்த குரலில் சொன்னான்: "சார், அந்தக் கட்டமெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி. எல்லாரும் இல்லன்னுதான் போடறாங்க. உண்டுன்னு போட்டா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நான் அவள உள்ள எறக்க முடியாது. சனிக்கிழமை மொத மேட்ச். அந்த எடத்துக்கு இன்னொரு பொண்ணு ரெடியா இருக்கா. ஒரு மேட்ச்தானே சார், அப்புறம் பாத்துக்கலாம்."

மதி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லன்னே இருக்கட்டும்பா. ப்ளீஸ். ஒரு மேட்ச்தான்."

உண்மையைச் சொல்கிறேன். பேனா என் கையில் இருந்தது. "இல்லை" ஏற்கெனவே போட்டிருந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, அப்படியே மடித்துக் கொடுத்தால் போதும். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு மேட்ச்தானே என்று எனக்கும் தோன்றியது. அப்போதுதான் உன் குரலை முதல் முறையாகச் சரியாகக் கேட்டேன்: இன்னும் இருபது நிமிசம்தான்டா. நீ கெட்டவனில்லை. உனக்குத் தம்பி மேல் பிரியமில்லாமல் இல்லை. அவன் ஆட ஆசைப்பட்டான், நீ ஆட விட்டாய். அவ்வளவு சுலபமாகத்தான் அது நடந்திருக்கிறது.

"இல்லை"யை அடித்தேன். "உண்டு" என்று போட்டேன். கீழே நான்கு கோடு இருந்தது. பெயர்: செல்வம். வயது: இருபத்தாறு. உறவு: தாத்தாவின் தம்பி. காரணம் என்ற இடத்தில் "இதயம்" என்று தமிழில் எழுதி, பக்கத்தில் இங்கிலீஷிலும் எழுதினேன். முப்பத்து சொச்சம் வருஷம் கழித்து ஒருவன் அந்த இடத்தில் சரியான சொல்லை எழுதியிருக்கிறான். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்ப் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

சனிக்கிழமை மேட்சில் அந்த இன்னொரு பெண் ஆடினாள். மதி வேலியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். எங்கள் அணி தோற்றது. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமில்லை, ஞாயிறு, திங்கள் என்று தொடர்ந்து மூன்று நாள். இன்று காலைதான் வாயைத் திறந்தாள்.

"ரிப்போர்ட் வந்தா மொதல்ல எனக்குக் காட்டணும். நீயும் அம்மாவும் ரூமுக்குள்ள போய்ப் பேசக்கூடாது. தாத்தா மாதிரி டி.வி. சத்தத்தக் கூட்டக்கூடாது."

அவளும் அதைக் கவனித்திருக்கிறாள், நைனா.

நாளைக்கு நல்ல எண் வந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. வளரும் பிள்ளை, வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. கெட்ட எண் வந்தால் அந்த இடது பக்கம் இன்னொரு தடவை காலியாகும். இரண்டில் எது வந்தாலும் பயம் இனி இந்த வீட்டில் குடியிருக்கப்போகிறது. ஏற்கெனவே இருந்ததுதான். நாம்தான் அதற்குத் தப்பான பெயர் வைத்திருந்தோம்.

உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுப்பேன். அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். இந்த வீட்டில் இனி யார் நெஞ்சைத் தேய்த்தாலும் சோடா வராது, ஆட்டோ வரும். அவளை ஆட விட்டார்கள் என்றால், ஒவ்வொரு மேட்சுக்கும் அந்த இடது கோட்டின் ஓரத்தில் நிற்பேன். கடைசி நிமிஷம் ஆகட்டும், ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று ஆகட்டும், அவள் கை நெஞ்சுக்குப் போனால் விசில் ஊதும் வரை காத்திருக்க மாட்டேன், உள்ளே ஓடுவேன். என்னை ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்க மாட்டேன்.

உன் மகன்,
செல்வத்தின் அண்ணன் மகன்,
மதியின் அப்பன்,
பாஸ்கர்